மடம் போக்கிடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரதட்சணை கொடுக்க வழியில்லாத கிறிஸ்தவக் குடும்பங்கள் பெண்களைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுவதாகச் சென்ற இதழ் கேள்வி-பதிலில் எழுதியிருந்தீர்கள். கோபிசெட்டிபாளையம் பக்கம் பணி செய்யும் அருட்சகோதரி நான். படித்ததும் மனசு மிகவும் வருத்தப்பட்டது.

வீட்டார் அனுப்பினார்கள் என்பதற்காக மட்டுமே மடத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 17 வயது நிரம்பாதவரை நவதுறவு என்னும் பயிற்சிக் காலத்தில் சேர்க்கத் திருச்சபைச் சட்டம் இடம் தராது. நவதுறவு குறைந்தது ஓராண்டு. அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவியாக வாழ்வேன் என்று சில காலத்துக்குக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அதுவும் குறைந்தது மூன்று ஆண்டு. அந்தக் காலம் முடிந்ததும் விருப்பமில்லை என்றால் கிளம்பிவிடலாம். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் அப்படிப் போய், இன்று பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கிறார்கள். வற்புறுத்தியோ பயமுறுத்தியோ வாங்கிய வார்த்தைப்பாடு செல்லவே செல்லாது.

சத்தியமங்கலம் பஸ்ஸில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சிஸ்டர், ஊட்டுல கட்டிக் குடுக்க வசதி இல்லீங்களா?" என்று கேட்டார். பாசத்தோடு கேட்டதால் வலிக்கவில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தார்கள். நான் மடத்துக்குப் போகிறேன் என்றதும் அப்பா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிரான்சில் ஒரு பிரபுக் குடும்பத்தில் 1839இல் பிறந்தவர் அன்னை மேரி ஆஃப் தி பேஷன். கோவை ஆயரின் பொறுப்பில் அன்று இருந்த ஊட்டியில்தான் 1877இல் தம் துறவற சபையைத் தொடங்கினார். சோற்றுக்கு வழியில்லாமலா அவர் கடல் கடந்து வந்தார்?

விடியும் முன் எழுந்து தியானம், காலைப்புகழ் செபம், திருப்பலிப் பூசை. பிறகு ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் தலைவாரி, இரட்டைச்சடை பின்னி, ஸ்கூலுக்குப் போக வேண்டும். செபத்தில் மனம் ஒட்டாத நாட்களும் உண்டு, அன்றைக்கும் உட்காரத்தான் வேண்டும். ஒரு சகோதரியோடு மனத்தாங்கல் என்றாலும் அதே மேசையில்தான் சாப்பாடு. சம்பளம் முழுவதும் சபைக்குப் போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணியாற்றும் துறவியரின் சம்பளத்திலும் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, "உங்க பணம் குறையுமே" என்று சக ஆசிரியைகள் கவலைப்பட்டார்கள். எனக்கென்று பணம் இருந்தால்தானே குறையும்! பஸ் டிக்கெட்டுக்குக்கூடத் மடத்துத் தலைவி அம்மாவிடம் கேட்டு வாங்கி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்போம். எனக்கு அதைவிடக் கடினமானது மாற்றல்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டு வரும்போது மே மாதம் கடிதம் வரும், பெட்டியோடு கிளம்ப வேண்டும். அழுதுகொண்டே போயிருக்கிறேன். ஆனாலும் இயேசுவுக்குக் கொடுத்த சொல்லைத் திரும்பப் பெற எனக்குத் தோன்றியதில்லை.

எங்களைப் பற்றி எழுதுபவர்கள் எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே. உங்கள் நிருபரை அனுப்பி வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தால், பிள்ளைகள் படிக்க உட்காரும்வரை தாராளமாகப் பேசலாம்.

அருட்சகோதரி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்