அவளே ஒத்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டிக்கு ஆபரேஷன் வேண்டாம், எண்ணெய் தேய்த்தே சரியாக்கிக்கொள்கிறேன் என்கிறாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? சரோஜா பேத்தி கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். தை மாதம் அங்கே பார்ப்போம்.

மகன் வீட்டில் சங்கிலி காணாமல் போனதையும், வேலைக்கு வரும் பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதையும் எழுதிவிட்டு, "சாயங்காலத்துக்குள் அவளே ஒத்துக்கிட்டா, அப்புறம் என்ன இருக்கு?" என்று முடித்துவிட்டாயே. அப்புறம்தான் எல்லாமே இருக்கிறது, கோமதி.

கோர்ட்டில் ஸ்டெனோவாக உட்கார்ந்து எத்தனை சாட்சியம் அடித்தவள் நான். குறுக்கு விசாரணையில் வக்கீல், "ராத்திரி 8 மணிக்குக் கடை வாசலில் நின்றீர்கள், சரிதானே?" என்பார். சாட்சி "ஆமாங்க" என்பார். தாளில் ஏறுவது: "இரவு 8 மணிக்கு நான் கடை வாசலில் நின்றேன் என்றால் சரிதான்." அந்த 'என்றால் சரிதான்' இருக்கிறதே, அதை வைத்து மணியும் இடமும் வக்கீல் வாயிலிருந்து வந்தவை என்று பிறகு படிப்பவருக்குத் தெரியும். ஸ்டேஷனில் எழுதும் வாக்குமூலத்தில் அந்த வால் கிடையாது. யாரும் எதுவும் கேட்காமலே மனசு கேட்காமல் வந்து கொட்டியதுபோல "நான்தான் எடுத்தேன்" என்று இருக்கும்.

செய்யாததைச் செய்தேன் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்பாய். 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன ஒரு பெண்ணை நாசம் செய்து குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போனார்கள். 14 முதல் 16 வயதுக்குள் ஐந்து பையன்களைப் பிடித்தார்கள். மணிக்கணக்கான விசாரணைக்குப் பிறகு நான்கு பேர் வீடியோவிலேயே ஒத்துக்கொண்டார்கள். டிஎன்ஏ ஒருவருக்கும் பொருந்தவில்லை, ஆனாலும் ஐவருக்கும் தண்டனை. 2002இல் மத்தியாஸ் ரேயஸ் என்ற கைதி, தான் ஒருவனே செய்ததாகச் சொன்னான். டிஎன்ஏ அவனுடையதுதான். ஐவர் மீதான தீர்ப்பும் ரத்தானது. 2014இல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. சொல்லிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பையன்கள் நம்பியிருக்கிறார்கள். சால் கேசின் என்ற உளவியலாளர், நிரபராதிக்கு அவன் நிரபராதி என்பதே ஆபத்து என்கிறார். உண்மை எப்படியும் வெளியே வந்துவிடும் என்ற தைரியத்தில் அவன்தான் வக்கீல் வேண்டாம் என்று பேச உட்காருகிறான்.

அங்கே கேமராவைப் போட்டதே கடைசியில்தான். அதற்கு முந்தைய மணிநேரங்கள் எதிலும் பதிவாகவில்லை. ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் டேனியல் லாசிட்டர் என்பவர் ஒரே விசாரணையைப் பல கோணங்களில் எடுத்துப் பலருக்குக் காட்டினார். மாட்டிக்கொண்டவர் முகம் மட்டும் தெரிந்தபோது, பார்த்தவர்கள் 'தானாகத்தான் சொல்கிறார்' என்றார்கள். கேள்வி கேட்பவரும் சேர்ந்து தெரிந்தபோது அந்த நிச்சயம் குறைந்தது. நீதிபதிகளும் இதற்கு விதிவிலக்கில்லை. நியூசிலாந்து போலீஸ் இதைப் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே ஃப்ரேமில் வரும்படி கேமராவை வைக்கத் தொடங்கியது.

நம் சட்டத்துக்கு இது தெரியாததல்ல. 1855இல் சென்னை மாகாணத்தில் விசாரித்த கமிஷன், கிட்டியில் விரலை இறுக்கி வரி வசூலித்த கதையையெல்லாம் எழுதி வைத்தது. 1872இல் சாட்சியச் சட்டத்தை வரைந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அந்த வருஷத்துப் பேச்சு ஒன்றைக் குறித்திருக்கிறார்: வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஒருத்தன் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது சுகம் என்றாராம் ஓர் அதிகாரி. (முதல் காரணம் சோம்பல், குரூரம் அப்புறம்தான் என்று எனக்கும் தோன்றும்.) போலீஸிடம் ஒத்துக்கொண்டது செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் அது 23ஆம் பிரிவு.

பயங்கரவாதத்தைத் தடுக்கவென்று தடா சட்டம் வந்தபோது இதைத் தளர்த்தினார்கள். எஸ்.பி. பதிவு செய்தால் செல்லும். ராஜீவ் கொலை வழக்கில் 19 வயதில் பிடிபட்ட பேரறிவாளன், 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக அப்படித்தான் பதிவானது. 1999இல் உச்ச நீதிமன்றம் தடா குற்றம் நிற்காது என்றது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் நிற்கும் என்றது. தூக்கும் உறுதியானது. 2013இல், அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே, பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்றார். ஒரு வாக்கியம், 22 வருஷம்! 2018இல் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தும் கோப்பு ஆளுநரிடம் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவித்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதற்குள் அந்தத் தீர்ப்பு போகவில்லை. அதை நானும் இங்கே தீர்க்கப்போவதில்லை. எழுதாமல் விட்டவரும் கோப்பை வைத்திருந்தவரும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை என்பதுதான் என் ஆத்திரம். அவர்கள் பக்கம் கேமராவே இல்லை.

இருக்கும் கேமராவும் எப்படி இருக்கிறது? 2020 ஜூனில் அப்பாவும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் அடியில் இறந்த பிறகு சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போன மாஜிஸ்திரேட், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். அந்த டிசம்பரில்தான், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வரை வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரி, உன் வீட்டு விஷயம். பெண்களை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உன் மகனுக்கு அது தெரியுமா? அவள் சொன்ன இடத்தில் சங்கிலி கிடைத்ததா? கிடைத்திருந்தால் அந்த அளவுக்கு அவள் பேச்சைக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். கிடைத்ததாக நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். நீயே போய் அவள் வீட்டில் அந்த எண்ணைக் கொடு. மகன் கோபித்துக்கொண்டால் பழியை என் மேல் போடு. இதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, போன் செய்.

அன்புடன்,
வசந்தா