மேஜையில் கேட்டது போதாது, நடந்து பார்த்து வாங்குங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் நம் கடையில் ஒரு வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். போன், டிஏசி (போனின் டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் சின்னக் கருவி), ஆம்ப் (அந்த அலையை வலுவாக்கும் கருவி), இயர்போன் என்று மூன்று நான்கு கருவிகளைச் சேர்த்து உடலில் அணிந்து கேட்கும் செட்டுகளை, கடை மேஜையில் பத்து நிமிடம் கேட்ட கையோடு இனி பில் போட்டுத் தரமாட்டோம். முன்பணம் கட்டி மூன்று நாள் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் எங்கே, எப்படிக் கேட்பீர்களோ அப்படியே அணிந்து கேளுங்கள். பிடித்தால் மீதிப் பணத்தைக் கட்டலாம். பிடிக்காவிட்டால் முன்பணம் முழுவதும் உங்கள் கைக்குத் திரும்பிவிடும்.

சிலருக்கு இதில் வருத்தம். "பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பொருளைத் தர யோசிக்கிறீர்களே" என்று சென்ற வாரம் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நின்றபடியே சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நமக்குப் பல வருட வாடிக்கையாளர். தினமும் காலை ஆறு மணிக்கு நம் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கச்சேரி கேட்டபடி நடப்பவர். சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு நல்ல இயர்போனும் சிறிய டிஏசியும் வாங்கினார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, "மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமே கேட்கவில்லை ஐயா, வலந்தலை மட்டும்தான் கேட்கிறது" என்றார். தொப்பி என்பது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடது பக்கம், வலந்தலை என்பது கூர்மையான ஒலி தரும் வலது பக்கம். மேஜையில் வைத்துக் கேட்டோம். தொப்பி கணீரென்று கேட்டது. இருந்தாலும் அவர் சொல்வதை மறுக்க மனம் வராமல் கேபிளை மாற்றிக் கொடுத்தோம். மறுபடி வந்தார். இந்தத் தடவை நாங்களே ஒரு ஆம்ப்பைப் பரிந்துரைத்தோம், அவரும் வாங்கினார். மூன்றாவது முறை அவர் படியேறி வந்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் காலை, கடைப் பையன் ஒருவனை அவருடனேயே நடக்க அனுப்பினோம்.

அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஐயா நடக்கும்போது பாட்டோடு சேர்ந்து மெதுவாகப் பாடுகிறார். பாடும்போது தாடை அசைகிறது, தாடை அசைந்தால் காதுத் துவாரத்தின் வடிவமும் கொஞ்சம் மாறுகிறது. இயர்போனின் ரப்பர் டிப் அவர் காதுக்கு ஒரு அளவு பெரியது. ஆகவே உள்ளே முழுதாக அமராமல், பத்து அடி நடப்பதற்குள் நூலிழை அளவு வெளியே நழுவிவிடுகிறது. அந்த நூலிழை இடைவெளி போதும், கீழ் ஸ்தாயி முழுவதும் அதன் வழியே கசிந்து போய்விடும். போதாததற்கு, கஞ்சி போட்ட கதர் ஜிப்பாவில் ஒயர் உரசி 'சரக் சரக்' என்று காதுக்குள் கேட்கிறது. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் குழாயை விரலால் தேய்த்துப் பாருங்கள், அதே சத்தம்தான். கடையில் அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்டார். அங்கே இவை எதுவுமே நடக்கவில்லை.

சின்ன அளவு டிப் ஒரு ஜோடி, காலரில் ஒயரைப் பிடித்து வைக்க ஒரு கிளிப், ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போடும் முறை. இவ்வளவில் தொப்பி திரும்பி வந்துவிட்டது. ஆம்ப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்தோம். தேவையே இல்லாத பொருளை அவர் தலையில் கட்டியது எங்கள் தவறு.

இந்த மாதிரி செட்டுகளின் கதையே நடையில்தான் தொடங்குகிறது. ஆந்த்ரியாஸ் பாவெல் என்பவர் இடுப்புப் பட்டையில் கருவிகளை மாட்டிக்கொண்டு கேட்கும் 'ஸ்டீரியோ பெல்ட்'டுக்கு 1977-இல் இத்தாலியில் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். சோனியின் முதல் வாக்மேன் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. பேச வேண்டுமானால் பாட்டின் சத்தத்தைத் தணிக்க ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. அணிபவர் நடப்பார், பக்கத்தில் ஆள் இருப்பார், பேச்சு வரும் என்பதையெல்லாம் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். பிறகு ஐபாடின் முதுகில் சின்ன ஆம்ப்பை வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய காலம் வந்தது. 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையையே எடுத்துவிட்டது, மற்ற போன்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. போனுக்குள் எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றித் தரும் டிஏசி, சுண்டுவிரல் நீளத்தில் ஒயரோடு தொங்கும் தனிப் பொருளாகிவிட்டது. ஒரே பெட்டியில் இருந்தது இப்போது நான்கு துண்டு. துண்டுகள் கூடக்கூட இணைப்புகளும் கூடும். எங்களிடம் பழுது பார்க்க வருபவற்றில் பெரும்பாலானவை இணைப்பில் வந்த கோளாறுகள்தான், கருவிக்குள் எதுவும் கெட்டிருக்காது.

முதலில் ஆம்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், அதிகப் பணம் வீணாவது அதில்தான். இயர்போன் பெட்டியின் பின்புறம் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மின்தடை, மற்றது உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் எழும் என்பது. உதாரணமாக 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்டிருந்தால், அந்த 100 டெசிபல் சத்தத்தை எழுப்ப 0.18 வோல்ட் போதும். சாதாரணச் சின்ன டிஏசியே 1 வோல்ட் அளவுக்குக் கொடுக்கிறது. அப்படியிருக்க இடையில் ஆம்ப் எதற்கு? அதே உணர்திறனுள்ள 300 ஓம் ஹெட்போன் என்றால் மூன்று மடங்கு வோல்டேஜ் வேண்டும், அங்கே ஆம்ப்புக்கு வேலை இருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய ஹெட்போனை யாரும் உக்கடம் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு போவதில்லை. அது வீட்டில் சாய்வு நாற்காலிக்கு. உணர்திறன் கூடிய இயர்போனை வலுவான ஆம்ப்பில் செருகினால், பாட்டு நிற்கும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். காசு கொடுத்து இரைச்சலை வாங்குவதுபோல் ஆகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். சில டிஏசிகளில் வழக்கமான 3.5 மில்லிமீட்டர் துளையோடு 4.4 மில்லிமீட்டர் 'பேலன்ஸ்டு' துளையும் இருக்கிறது. பழைய 3.5 பின்னை அந்த 4.4 துளையில் செருகுவதற்கென்று மலிவான அடாப்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். பேலன்ஸ்டு துளையில் இடது, வலது இரண்டுக்கும் மைனஸ் முனை தனித்தனி, இரண்டிலும் சிக்னல் ஓடும். 3.5 பின்னில் இரண்டு மைனஸும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், ஆம்ப்பின் இரண்டு வெளியீடுகளும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். அப்படி எரிந்த இரண்டு டிஏசிகள் இந்த வருடம் எங்கள் மேஜைக்கு வந்தன, இரண்டையும் மீட்க முடியவில்லை. 4.4 பின் உள்ள இயர்போனை 3.5 துளையில் மாட்டித் தரும் அடாப்டர் மட்டும் பரவாயில்லை, அதில் ஆபத்து இல்லை.

ஒயரே வேண்டாம் என்பவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன ப்ளூடூத் ரிசீவர் இருக்கிறது. போன் பையில் இருக்கும், இயர்போனின் குட்டை ஒயர் காலர் வரை வந்தால் போதும். எங்களுக்கே பிடித்த ஏற்பாடு இது. ஆனால் இதையும் அணிந்து பார்த்தால்தான் குணம் தெரியும். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். போன் வலது பக்கப் பின் பாக்கெட்டிலும் ரிசீவர் இடது காலரிலும் இருந்தால், நடுவே நிற்கும் சுவர் நீங்கள்தான். கடைக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் அந்தக் குறையை மறைத்துவிடும். வ.உ.சி. மைதானம் மாதிரி வெட்டவெளிக்குப் போனதும் பாட்டு விட்டு விட்டு வரும். போனையும் ரிசீவரையும் ஒரே பக்கம் வையுங்கள், பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் எல்டிஏசி (LDAC) முறையில் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும் என்று பெட்டியில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் காந்திபுரம் பஸ் நிலையத்தில் நூறு போன்களுக்கு நடுவே நின்றால் அது தானாகவே 660-க்கோ 330-க்கோ இறங்கிவிடும். அந்த எண்ணை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

போனையும் ஆம்ப்பையும் முதுகோடு முதுகாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் போகும்போது போன் 2ஜி சிக்னலுக்கு இறங்கினால், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் 'டிர்ர் டிட் டிட்' என்று காதில் கேட்கும். போன் தன் அலையை நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்புகிறது, அதை ஆம்ப் பிடித்துக்கொள்கிறது. பழுது ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் சரியாகிவிடும். அதற்காகத்தான் இரண்டு அறை உள்ள துணிப் பையைத் தைத்து வைத்திருக்கிறோம். வெப்பத்துக்கும் அதுவே நல்லது. சார்ஜ் ஏறும் பவர் பேங்க், சூடான போன், ஆம்ப் எல்லாம் ஒரே பாக்கெட்டில் சித்திரை வெயிலில் போனால் பேட்டரிகளின் ஆயுள் குறையும். சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்கும்போது மெல்லிய ஊளைச் சத்தம் வந்தால் முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். இயர்போனைக் குறை சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

வியர்வையைப் பற்றி இரண்டு வார்த்தை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள இயர்போன்களில் பின் சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தால் அது வியர்வை உப்பின் வேலை. நடந்து வந்ததும் பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். இயர்போனின் வாயிலுள்ள வலையில் காதழுக்கு அடைத்து ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் ஊசியால் குத்தாதீர்கள், கொண்டுவாருங்கள். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

சத்தத்தின் அளவு பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் வாரம் முழுவதற்குமே 20 நிமிடம். மேலே சொன்ன 0.18 வோல்ட் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். சட்டைப் பையில் இருக்கும் சின்னக் கருவிக்கே காதைக் கெடுக்கும் பலம் இருக்கிறது. பஸ் இரைச்சலை அமுக்கவேண்டும் என்றுதான் பலர் சத்தத்தை ஏற்றுகிறார்கள். டிப் சரியாகப் பொருந்தினால் இரைச்சல் தானாக அடங்கும், பாட்டைக் குறைத்து வைத்தே கேட்கலாம். ஆம்ப்புக்கு முன்னால் டிப்பைப் பாருங்கள் என்று நாங்கள் விடாமல் சொல்வது இதனால்தான். இரண்டு சக்கர வண்டி ஓட்டும்போது மட்டும் எதையும் காதில் மாட்டாதீர்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரன் உங்களுக்குக் கேட்கவேண்டும்.

சென்ற இரண்டு ஆண்டுகளில் நம்மிடம் செட்டாக வாங்கியவர்கள், பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். டிப் அளவு பார்த்து, ஒயர் போகும் வழியை அமைத்து, தேவையில்லாத துண்டு ஏதாவது இருந்தால் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பரிந்துரைத்து நீங்கள் வாங்கிய ஆம்ப் உங்கள் இயர்போனுக்குத் தேவையில்லை என்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். புதிதாக வாங்க வருபவர்கள் சொந்த போனையும், இருக்கும் இயர்போனையும் கொண்டுவாருங்கள். மூன்று நாள் எடுத்துச் செல்லும் செட்டில் டிப் ஒவ்வொருவருக்கும் புதிதாகத்தான் போட்டுத் தருவோம், ஒருவர் காதில் இருந்தது இன்னொருவர் காதுக்குப் போகாது.

மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் பையன் ஒருவன் உங்களோடு கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்து வருவான். தினமும் போடும் சட்டையிலேயே வாருங்கள். ஒயர் உரசுவது அதில்தானே?

அன்புடன்,
கடையிலிருந்து