ஆண்டறிக்கை: சிறார் நீதி குறித்த நம் மன்றத்தின் வாசிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, நம் வாசகர் மன்றம் இவ்வாண்டின் கூட்டங்கள் அனைத்தையும் சிறார் நீதிக்கே ஒதுக்கியது. 11 கூட்டங்கள் நடந்தன; மழையால் ஒன்று தடைபட்டது.

1897ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்திலிருந்து தொடங்கினோம். 15 வயதுக்குட்பட்ட சிறுவனைச் சிறைக்குப் பதிலாகப் பள்ளிக்கு அனுப்பலாம் என்ற அச்சட்டம், அங்கே அவன் 3 ஆண்டுகளுக்குக் குறையாமலும் 7 ஆண்டுகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. சில மாதச் சிறையோடு முடிந்திருக்கக்கூடிய சில்லறைத் திருட்டுக்கு மூன்றாண்டு அடைப்பைக் கருணை என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

அரசே பெற்றோர் என்ற கருத்தோடு 1899இல் சிகாகோவில் தொடங்கிய சிறார் நீதிமன்றத்தின் வழிவந்த முறையிலும் இதே சிக்கல் இருந்தது. அரிசோனாவில் ஆபாசமாகத் தொலைபேசியில் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்ட 15 வயது ஜெரால்டு கால்ட், 21 வயது வரை அடைத்து வைக்கப்படக்கூடிய நிலைக்கு ஆளானான். அதே செயலுக்கு வயது வந்தவருக்கு அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறைதான். குற்றச்சாட்டை அறியவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் சிறுவனுக்கும் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல்தான் தீர்ப்பளித்தது. உரிமை இல்லாத பரிவு தண்டனையைவிடக் கடுமையாகலாம் என்பதே இவ்வாண்டு வாசிப்பில் நான் உணர்ந்தது.

நம் நாட்டின் மாகாணங்களில் சிறாருக்கெனத் தனிச் சட்டம் முதலில் கொண்டுவந்தது சென்னையே; 1920இல் இங்கு இயற்றிய பின்னரே வங்காளமும் பம்பாயும் பின்தொடர்ந்தன. 1986ஆம் ஆண்டின் சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 எனச் சிறாராகக் கருதுவதற்கு வைத்த வயது வரம்பை 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலருக்கும் 18 ஆக்கியது. 2015ஆம் ஆண்டின் சட்டமோ, கொடுங்குற்றம் சுமத்தப்பட்ட 16 முதல் 18 வயதினரை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவர்களுடைய மனநிலையை முதற்கட்டமாக மதிப்பிட்ட பின் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி திறந்தது. குற்றம் நடந்த நொடியில் ஒரு பையனின் மனம் எதை உணர்ந்தது என்பதைச் சில வாரங்கள் கழித்து மேசை முன் அமர்த்தி அளந்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. உறுப்பினர்களில் சிலர் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வயதைத் தீர்மானிக்கப் பள்ளிச் சான்றே முதலில் பார்க்கப்படும் என்று படித்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான நம் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளைச் சேர்க்க வந்த நாளில், வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் ஐந்து வயது நிரம்பியதாகக் கொண்டு, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைத் தாமே எழுதியதாகச் சொன்னார். அந்தப் பதிவேட்டின் ஒரு வரி, பிற்காலத்தில் ஒருவன் குழுமத்தின் முன் நிற்பதா நீதிமன்றக் கூண்டில் நிற்பதா என்பதை முடிவு செய்திருக்கலாம் என்றபோது அவருடைய குரல் தழுதழுத்தது.

அவருடைய முன்மொழிவின்படி, பிறப்பைப் பதிவு செய்யாத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தர, வரும் ஆண்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்ற அறையைத் திறந்து வைக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.