பிள்ளைகளிடம் எதைக் கேட்பது?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் கோபத்தில் என்னென்னவோ கொட்டியிருப்பேன். நீ எப்படிப் பாடம் நடத்துகிறாய் என்று மாணவர்கள் மார்க் போட்டு நிரப்பிய படிவத்தைக் கூட்டிக் கழித்து, ஐந்துக்கு 3.4 என்று ஒரு தாளில் எழுதி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உன் கையில் கொடுத்தார்களாமே. இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அந்த எண்ணில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எந்த வகுப்பில் எது சரியில்லை, யாருக்குப் புரியவில்லை, எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எதுவுமே அதில் இல்லை. எல்லாரும் மூன்றோ நாலோ போட்டாலும் 3.4 வரும், பாதிப் பேர் ஐந்தும் மீதிப் பேர் ஒன்று, இரண்டும் போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான் வரும். இரண்டும் ஒரே வகுப்பா, சொல்லு.

ஆனாலும், இனி பிள்ளைகளிடம் எதையும் கேட்கவே மாட்டேன் என்று நீ முடித்திருந்தாயே, அதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ரெண்டு வருஷமாகப் பருவத்தின் நடுவில் ஒருநாள் எல்லாருக்கும் அரைத்தாள் கொடுக்கிறேன். பெயர் வேண்டாம். இந்த வகுப்பில் நீ கற்றுக்கொள்ள எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, ரெண்டே கேள்விதான். முதல்முறை வந்த தாள்களில் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். "மிஸ், போர்டில் வலது பக்கம் கீழே எழுதுவதை நீங்களே மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. நகர்ந்ததும் உடனே அழிச்சிடுறீங்க. கடைசி வரி எனக்குக் கிடைக்கிறதே இல்லை." கணக்குப் பாடத்தில் கடைசி வரி என்றால் விடை இல்லையா! முப்பத்து நாலு தாளில் ஒன்பது தாள் இதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொன்னது. இத்தனை வருஷத்தில் என் வகுப்பைப் பார்வையிட வந்த ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை, அவர்கள் பின்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அந்தக் கடைசி வரியை எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் இல்லையே. மறுநாள் வகுப்பிலேயே சொன்னேன், இனி அழிக்கும் முன் கேட்கிறேன், இடது ஓரத்தில் நிற்கிறேன் என்று. அப்புறம் வந்த தாள்கள் இன்னும் மனம்விட்டு எழுதப்பட்டிருந்தன.

ஒரு தப்பும் செய்தேன். ஒரு தாளின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டு, அந்தப் பையனிடம் "நீ எழுதியது நல்ல யோசனை" என்று பாராட்டிவிட்டேன். அவன் முகம் அப்படியே மாறிவிட்டது. பெயர் வேண்டாம் என்று சொன்ன என் வார்த்தையை நானே உடைத்துவிட்டேன். இப்போது தாள்களைச் சேகரித்துத் தட்டச்சு செய்து தருவது பக்கத்து வகுப்பு டீச்சர், அவருக்கு நான் அதையே செய்கிறேன்.

நீ கேட்டிருந்தாய், இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் உண்டா என்று. பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் 2009இல் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய ஆய்வில் சுமார் 3000 ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்தார்கள். ஹார்வர்டின் ரொனால்ட் ஃபெர்கூசன் உருவாக்கிய ட்ரைபாட் என்ற படிவத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு ஆசிரியரைப் பற்றி ஒரு வகுப்புப் பிள்ளைகள் சொன்னது, அதே ஆசிரியரின் வேறொரு வகுப்பு எவ்வளவு முன்னேறியது என்பதோடு ஒத்துப்போனது. அங்கே "டீச்சரைப் பிடிக்குமா" என்று கேட்டு நிறுத்திவிடவில்லை. எங்கள் வகுப்பு நேரத்தை வீணாக்குவதில்லை, தவறுகளைத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொள்கிறோம், இந்த மாதிரி வாக்கியங்களுக்கு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறாய் என்று கேட்டார்கள். கண்ணால் தினமும் பார்க்கிறதைக் கேட்டால் பிள்ளைகள் சரியாகவே சொல்கிறார்கள்.

கல்லூரிப் பக்கம் போனால் கதை வேறு. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் மாதிரிப் பிரித்துத்தான் ஆசிரியர்களிடம் அனுப்புவார்கள், அதனால் ஒப்பிடுவது சுலபம். கேரல், வெஸ்ட் என்ற இருவர் அங்கே பார்த்து 2010இல் எழுதினார்கள்: அந்தப் பாடத்தின் தேர்வில் மார்க் வாங்க வைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்களிடம் நல்ல மதிப்பீடு கிடைத்தது, ஆனால் அதே மாணவர்கள் அடுத்த கட்டப் பாடத்தில் பின்தங்கினார்கள். இன்று கஷ்டப்படுத்துகிற டீச்சரின் அருமை அடுத்த வருஷம்தானே தெரியும்! 2015இல் வந்த இன்னொன்று என் மனதை ரொம்ப உறுத்தியது. இணைய வழி வகுப்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் அடையாளங்களை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். விடைத்தாள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் திரும்பி வந்தது, இருந்தும் பெண் என்று நம்பப்பட்டவருக்கு "நேரத்துக்குத் தருகிறார்" என்பதிலேயே மார்க் குறைந்தது. கனடாவில் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் சொன்னதும் இதை ஒட்டித்தான், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க, மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் போடும் இந்த மதிப்பெண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று.

அதனால் என் கருத்து இதுதான். பாடம் எனக்குப் புரிகிறதா, சந்தேகம் கேட்கப் பயமாக இருக்கிறதா, நோட்டைத் திருத்தி எப்போது தருகிறார்கள், இதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும், அவர்களிடம்தான் கேட்க வேண்டும். டீச்சருக்குப் பாட அறிவு போதுமா, பாடத்திட்டம் சரியா என்பதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. கேட்பதும் பருவத்தின் கடைசியில் வேண்டாம், அப்போது கேட்டால் சொன்ன பிள்ளைக்கு ஒரு பலனும் இல்லை. சம்பளத்தையோ பதவியையோ ஒரே படிவத்தின் சராசரியில் முடிச்சுப் போட்டால், பாவம், எந்த டீச்சரும் அடுத்த தடவை மார்க்கைத் தாராளமாகப் போடத்தான் பார்ப்பார்.

உன் நிர்வாகத்திடம் சண்டைக்குப் போகாதே. அந்த 3.4க்குப் பின்னால் இருக்கிற விவரத்தைக் கேட்டு வாங்கு: ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் என்ன போட்டார்கள், எழுத்தில் ஏதாவது சொன்னார்களா என்று. வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு, ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம். என் அரைத்தாளின் மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன், அடுத்த மாதமே ஒரு வகுப்பில் மட்டும் கொடுத்துப் பார். முதல் தாளைப் பிரிக்கும்போது கை நடுங்கும் டி, எனக்கும் நடுங்கியது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி