கையெழுத்து போட்டுவிட்டால் ஃபிரிட்ஜ் நம்முடையதாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, மேலே இரண்டு தாள் முழுக்க ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான். குறை சொல்லவில்லை, அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நானும் போய் ஃபிரிட்ஜ் வாங்கினேன். வாங்கியது ஒன்று, வீட்டுக்கு வந்து இறங்கியது இன்னொன்று. அதை மாற்ற ஒன்பது நாள் ஆனது. கடையின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் அக்கம்பக்கத்தில் விசாரித்தவரை இது ஒரே ஒரு கடையின் பழக்கமாகத் தெரியவில்லை.

நான் திருச்சியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக முப்பது வீடு, பஸ் ஸ்டாப் பக்கம் இரண்டு டிபன் கடை, அவ்வளவுதான். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இடம் போதவில்லை, கோடையில் மாவு மதியத்துக்குள்ளேயே பொங்கிவிடுகிறது என்பதால் பெரிதாக ஒன்று பார்க்கப் போனோம். ஷோரூமில் நான் செய்த ஒரு வேலையைப் பார்த்து விற்பனைப் பையன் சிரித்தான்: மாவு ஊற்றி வைக்கும் அகல வாய் எவர்சில்வர் தூக்கைப் பையில் போட்டுக் கொண்டுபோய், ஒவ்வொரு ஃபிரிட்ஜாகத் திறந்து உள்ளே வைத்துப் பார்த்தேன். மூடியோடு சேர்ந்து நிற்க வேண்டும், இரண்டு தூக்கு பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றது 301 லிட்டர், இரட்டைக் கதவு, மூன்று ஸ்டார். வட்டியில்லா இஎம்ஐ போட்டோம், பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பில்லில் மாடல் எண் சரியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் குட்டி யானையில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் பழைய ஃபிரிட்ஜைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம் புதிய பெட்டி மாடிக்கு வந்தது, வந்ததும் ஒரு சீட்டு நீட்டினார்கள். "சைன் போடுங்கக்கா, இன்னும் ஆறு டெலிவரி கெடக்கு." பெட்டி கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. சீட்டில் பொருள் என்ற இடத்தில் 'ரெஃப்ரிஜிரேட்டர் - 1' என்று மட்டும் இருந்தது, மாடல் எண் கிடையாது, லிட்டர் கிடையாது. கீழே பொடி எழுத்தில் 'பொருளைச் சரிபார்த்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'. எதைச் சரிபார்த்தேன்? அட்டைப் பெட்டியையா? ஆனாலும் போட்டேன், வியர்த்து விறுவிறுத்து நிற்கிற ஆட்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க யாருக்கு மனசு வரும். பிறகு அவர்களே பிளேடால் கட்டை அறுத்து, தெர்மகோலை உருவி, ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, "நாலு மணி நேரம் கழிச்சு ஆன் பண்ணுங்க" என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

அந்த நாலு மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றியது. சும்மா நிற்கிறதே என்று தூக்கை உள்ளே வைத்துப் பார்த்தேன். மூடி மேல் தட்டில் இடித்தது. தட்டை மாற்றிப் போட்டேன், அப்போது இன்னொரு தூக்குக்கு இடமில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவில் ஒட்டியிருந்த மின்சிக்கன ஸ்டிக்கரைப் பார்த்தால் இரண்டு ஸ்டார்தான் சிவப்பாக இருக்கிறது, 260 லிட்டர் என்று போட்டிருக்கிறது. பில்லை எடுத்து உள்பக்கச் சீட்டோடு ஒப்பிட்டேன். மாடல் எண்ணில் நடுவிலும் கடைசியிலும் வேறு. நிறம் மட்டும் அச்சு அசல் அதே நிறம்.

கடைக்கு அடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பதில் வந்தது. முதல் நாள், "அதே கம்பெனி, அதே கலர்தான் மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, வித்தியாசத் தொகைக்கு மிக்ஸி தர்றோம்." அட்ஜஸ்ட் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று அப்போது எனக்கும் புரியவில்லை. பில்லில் ஒரு மாடல், வீட்டில் ஒரு மாடல், வரிசை எண் வேறு. நாளைக்கு கம்ப்ரஸர் போனால் சர்வீஸ் ஆள் பில்லைக் கேட்பான், எண் ஒத்துப்போகாது, வாரண்டி என்று எதைக் காட்டுவது? இஎம்ஐயும் பெரிய ஃபிரிட்ஜின் விலைக்குத்தான் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். இரண்டாம் நாள், "பெட்டி பிரிச்சாச்சே, சைன் போட்டாச்சே." பிரித்தது அவர்கள் ஆள். மூன்றாம் நாள், "மாத்தித் தர்றோம், ஆனா நீங்கதான் வண்டி பிடிச்சு கொண்டுவரணும், இல்லைன்னா வண்டி வாடகை 800 கட்டுங்க."

இதற்கு நடுவில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பழைய ஃபிரிட்ஜ் போய்விட்டது. புதியதை ஆன் செய்தால் 'பயன்படுத்திவிட்டீர்கள்' என்பார்கள். மாவு அரைக்காமல் இருந்தால் பிழைப்பு போச்சு. எதிர்வீட்டு அக்கா தன் ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார், பாதி அளவுதான் அரைக்க முடிந்தது, டிபன் கடைக்காரர் ஒருவர் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஐந்தாம் நாள், "போட்டுத் தொலைச்சிடலாம், ஓடட்டும்" என்றார். நான் பிளக்கைச் சுவரில் மாட்டவே விடவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரிந்து செய்யவில்லை, அக்கா மகள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், அவள்தான் போனில் "சித்தி, ஆன் பண்ணாதே" என்று சொன்னாள். அவள் சொன்னதையும் பிறகு நான் படித்துப் பார்த்ததையும் மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். 1930இல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம் ஒன்று இருக்கிறது, என் பாட்டி காலத்துச் சட்டம், இன்னும் அதுதான் நடப்பில் இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவு, முன்னால் பார்க்காத பொருள் வீட்டுக்கு வந்தால், சொன்னபடிதான் இருக்கிறதா என்று பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது. ஷோரூமில் நான் தூக்கு வைத்துப் பார்த்தது வேறு ஃபிரிட்ஜ், குடோனிலிருந்து வந்தது வேறு. கட்டுப் பிரிக்காத பெட்டியின் மேல் வாங்கின கையெழுத்தை வைத்துக்கொண்டு, பார்த்துத்தான் வாங்கினாய் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே சட்டத்தில் 43ஆம் பிரிவுதான் எனக்குப் பிடித்தது: சொன்ன பொருள் வரவில்லை என்று மறுக்கும் உரிமை இருக்கிறவர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவே வேண்டியதில்லை, 'ஏற்கவில்லை' என்று கடைக்காரருக்குத் தெரிவித்தால் போதும். அப்படியென்றால் அந்த 800 ரூபாய் எங்கிருந்து முளைத்தது? ஆனால் ஒன்று, பொருள் நம்முடையது என்பதுபோல் நாம் நடந்துகொண்டாலும், சும்மா நாள் கடத்தினாலும் ஏற்றுக்கொண்டதாகிவிடும், அதை 42ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் பிளக்கைப் போடாதே என்றாள்.

ஆறாம் நாள் நேரில் போனேன். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், காபிகூட வாங்கிக் கொடுத்தார், அப்புறம் மெதுவாக ஒரு குண்டைப் போட்டார். "நீங்க மாவு வியாபாரத்துக்கு வாங்கியிருக்கீங்க மேடம், கன்ஸ்யூமர் கேஸெல்லாம் உங்களுக்கு நிக்காது." உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். வெளியே வந்து மறுபடி போன். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் இல்லை என்று இருப்பது உண்மைதான், ஆனால் அதே இடத்தில் விளக்கமும் இருக்கிறது, சுயதொழில் செய்து வயிற்றுப்பாட்டுக்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று. தையல் மெஷின் வாங்குகிற அக்கா, கிரைண்டர் வாங்குகிற நான், ஆட்டோ வாங்குகிற தம்பி எல்லாருக்கும் வேண்டிய வரி அது. மேனேஜருக்கு அது தெரியாமலா இருக்கும், தெரிந்தேதான் விளக்கத்தை விட்டுவிட்டு முதல் பாதியைச் சொன்னார் என்பது என் எண்ணம். 'பழுது இல்லையே, நல்லாத்தானே ஓடும்' என்று அவர் சொன்ன இன்னொன்றும் அப்படியே. ஓடாதது மட்டும் குறைபாடு இல்லை, ஒப்பந்தப்படியோ கடைக்காரர் சொன்னபடியோ அளவிலும் தரத்திலும் இல்லாததும் குறைபாடு என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது.

அன்றைக்கே இரண்டு வேலை செய்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்தேன். அவர்களால் உத்தரவு போட முடியாது, கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான், அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இன்னொன்று, வெள்ளைத் தாளில் ஒரு கடிதம்: இந்தத் தேதியில் இந்த மாடலுக்குப் பணம் கட்டினேன், வந்தது இந்த மாடல், வந்த அன்றே போனில் சொன்னேன், நான் இதை ஏற்கவில்லை, இதுவரை ஆன் செய்யவில்லை, உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு சரியானதைக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், 15 நாளில் செய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், ஸ்டிக்கர், வரிசை எண், சீட்டு எல்லாவற்றின் போட்டோவையும் வைத்து ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒன்று, இஎம்ஐ கொடுத்த நிதி நிறுவனத்துக்கு ஒரு நகல். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன், நீல டிக் விழுந்ததையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

ஆணையம் என்றதும் வக்கீல், கோர்ட் என்று பயப்படுகிறோம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது எங்கே நடக்கிறது என்பது போனவர்களுக்குத் தெரியும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் கடைக்காரர்களின் குரல் மாறுகிறது.

மாறியது. ஒன்பதாம் நாள் காலையிலேயே அதே குட்டி யானை, அதே இரண்டு பேர். வாடகைப் பேச்சே இல்லை. சீட்டை நீட்டினார்கள். "முதல்ல பிரிங்க தம்பி" என்றேன். மாடிப்படியிலேயே வைத்துப் பிரித்தார்கள், ஸ்டிக்கரைப் பார்த்தேன், மாடல் எண்ணைப் பில்லோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன், போட்டோ எடுத்தேன், தூக்கை உள்ளே வைத்து மூடியோடு நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் மாடல் எண்ணை என் கையாலேயே எழுதிக் கையெழுத்து போட்டேன். ஏழு நிமிஷம் ஆனது. அந்தப் பையன் சொன்னான், "எல்லாரும் இப்படிப் பார்த்தா எங்களுக்கே நல்லதுக்கா, மாறிப்போனா எங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க." இது எனக்குத் தெரியாத விஷயம். குடோனில் யாரோ தப்பாக எடுத்துக் கொடுக்கிறார்கள், பிடிப்பது சுமக்கிறவன் கூலியில்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டெலிவரி சீட்டில் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் அச்சடியுங்கள், பெட்டியைப் பிரித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள், புதியது சரி என்று ஆகும்வரை பழைய ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால்தான் ஏமாற்றம், நம்ம ஊர்க் கடை என்றால் போய் நின்று கேட்கலாம் என்று நம்பித்தான் நேரில் போனேன். நின்று கேட்டேன், காபிதான் கிடைத்தது. ஆன்லைன் கடைகளுக்காவது 2020இல் தனி விதிகள் வந்திருக்கின்றன, புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று. தெருக்கோடி ஷோரூமுக்கும் அப்படி ஒன்று எழுதினால் என்ன?

ஒன்பது நாள் பாதி மாவு அரைத்த நஷ்டத்துக்கும், கையைவிட்டுப் போன டிபன் கடைக்கும் ஈடு கேட்டு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆணையத்தில் புகார் போட இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஆவணியில் கல்யாண ஆர்டர் நாலு இருக்கிறது, அது முடியட்டும்.

இப்படிக்கு,
மாவு அரைக்கும் வாசகி ஒருவர்,
திருச்சி.