‘மயக்கம்’ பதிவைப் பிரித்து எழுதுங்கள்: அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்–ஆங்கில அகராதிகளையும் அகராதிச் செயலிகளையும் தொகுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். மயக்கம் என்ற சொல்லைத் தேடி வருபவருக்கு உங்களில் பலர் தருவது ஒரு கொத்து: டிஸ்ஸினஸ், ஃபெயின்டிங், கன்ஃப்யூஷன், இன்டாக்ஸிகேஷன், டெல்யூஷன், என்சான்ட்மென்ட். நடுவில் வெறும் காற்புள்ளிகள். ஆறும் சரியான பொருள்களே. ஆனால் எது எந்த இடத்துக்கு என்பதைத் தேடுபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது தெரிந்தவர் அகராதியைத் திறந்திருக்கவே மாட்டார். அன்றாடம் இரு மொழிக்கும் நடுவே புழங்குபவர்கள் என்ற முறையில், அடுத்த திருத்தத்தில் இந்தப் பதிவை எப்படிப் பிரிக்கலாம் என்று சொல்ல வருகிறோம்.

முதல் பிரிப்பை வினையை வைத்துச் செய்யுங்கள். இந்தச் சொல் தனியாக நிற்பது குறைவு. கூட வரும் வினைதான் பொருளைக் காட்டிக்கொடுக்கும். “மயக்கம் வருது” என்பவர் நினைவோடு இருக்கிறார். ஆங்கிலத்தில் ‘ஃபீலிங் ஃபெயின்ட்’. “மயக்கம் போட்டுட்டார்” என்றால் நினைவு தப்பிவிட்டது, ‘ஃபெயின்டட்’. மயங்கி விழு, மயக்கமடை இரண்டும் இதனோடு சேர்பவை. மயக்கம் தெளி என்பதற்கு ‘கம் ரவுண்ட்’. மயக்கம் கொடு என்றால் அறுவை சிகிச்சைக்கு முன் செய்வது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கிவ் டிஸ்ஸினஸ்’ என்று வந்து நிற்கும். இந்த வினைத்தொடர்கள் ஒவ்வொன்றும் தனித் துணைப்பதிவாக வேண்டும். எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குள் ஒளித்து வைத்தால் செயலியின் தேடலில் அகப்படாது.

உடல்நிலைப் பொருளில்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே தவறான ஆங்கிலச் சொல் சிகிச்சையையே திசைதிருப்பும். தமிழில் பேசும் நோயாளி “மயக்கமா இருக்கு” என்ற ஒரே தொடரால் நான்கு நிலைகளைச் சொல்லக்கூடும். சுற்றியுள்ளவை சுழல்வது ஒன்று: ஆங்கிலத்தில் வெர்டிகோ, தமிழில் தலைச்சுற்றல், கிறுகிறுப்பு. எழுந்து நின்றதும் கண்ணை இருட்டிக்கொண்டு வருவது இன்னொன்று: லைட்ஹெடட்னஸ். நினைவு தப்பி விழுந்து சற்று நேரத்தில் தானே தெளிவது மூன்றாவது: சின்கோப். மருந்தாலோ களைப்பாலோ கண் செருகுவது நான்காவது: டிரௌசினஸ், நம் பேச்சில் தூக்கக் கலக்கம். மருத்துவருக்கு இந்த நான்கும் நான்கு வழிகள். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழன்று அடங்கினால் உட்காதைச் சோதிப்பார். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைகிறதா என்று பார்ப்பது இரண்டாவது வகைக்கு. நினைவு தப்பியிருந்தால் இதயத்தைப் பார்க்காமல் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் டிஸ்ஸினஸ் என்று எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்பு அவரை மறுபடி முதல் கேள்விக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

ஆகவே ‘உடல்நிலை’ என்று ஒரு பிரிவு வைத்து, அதற்குள் நான்கு கிளை போட்டு, ஒவ்வொன்றிலும் மக்கள் வாயில் வரும் தொடரையும் சேருங்கள். “கண்ணை இருட்டுது”, “தலை கிர்ர்ருன்னு சுத்துது” போன்றவை இல்லாத அகராதியால் மருத்துவமனையில் பயனில்லை. பேச்சு வழக்கு என்று ஒதுக்குவது வீண் கௌரவம்.

மயக்க மருந்து, மயக்க ஊசி இரண்டுக்கும் ஒரு குறிப்பு தேவை. முதுகில் போடும் மயக்க ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகுமே தவிர, நினைவு தப்பாது. அனஸ்தீசியா என்ற ஆங்கிலச் சொல் நினைவிழப்பு, மரத்துப்போதல் இரண்டையும் தாங்கும். தமிழ்ச் சொல்லோ நினைவிழப்பையே முன்னால் நிறுத்துகிறது. முழு மயக்கம், மரத்துப்போகச் செய்யும் ஊசி என்று பிரித்துக் காட்டினால் படிப்பவருக்குக் குழப்பம் இல்லை.

மனநிலைப் பக்கம் வருவோம். என்சான்ட்மென்ட் என்று போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆங்கிலச் சொல் மந்திரம் போடுவதையும் குறிக்கும், அதில் கட்டுண்டு கிடப்பதையும் குறிக்கும். தமிழில் போடுவது வசியம். கட்டுண்டவருக்கு இருப்பது மயக்கம். “மயக்கும் குரல்” என்றால் ‘என்சான்டிங் வாய்ஸ்’ பொருந்தும், ஏனென்றால் மயக்கு செயப்படுபொருள் கேட்கும் வினை. “அவள்மேல் அவனுக்கு மயக்கம்” என்றால் இன்ஃபேச்சுவேஷன். மயங்கு, மயக்கு இரண்டையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் தள்ளுவதால்தான் இந்தக் கலப்பு நேர்கிறது. இரண்டையும் தனித் தலைச்சொல்லாக்குங்கள். கிறக்கம், சொக்குதல் ஆகிய பதிவுகளையும் ‘காண்க’ என்று சுட்டுங்கள், ஆனால் ஒருபொருட்பன்மொழி என்று எழுதிவிடாதீர்கள். கிறக்கத்தில் இன்பத்தின் சாயல் தூக்கலாக இருக்கும். பதவி மயக்கம் என்பதில் இருப்பது பழிப்பு. பதவிக் கிறக்கம் என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

“சரியா தவறா என்ற மயக்கம்” என்று வந்தால் ஐயம். பொருள் மயக்கம் என்றால் ஆம்பிகியூட்டி. இவற்றுக்கு ஒரு வரி போதும்.

பழைய நூல்களைப் படிப்பவருக்குக் கலத்தல் என்ற பொருள் இல்லாமல் எதுவும் ஓடாது. ‘நிலந்தீ நீர்வளி விசும்போ டைந்தும் கலந்த மயக்கம் உலகம்’ என்கிறது தொல்காப்பியம். இங்கே இல்யூஷன் என்று பெயர்த்தால் ஐம்பூதச் சேர்க்கையைச் சொல்லும் வரி, உலகமே பொய்த்தோற்றம் என்னும் மாயாவாதமாகிவிடும். வேற்றுமை மயங்கியல் என்ற இயலின் பெயரிலும் இதே கதை: ஒரு வேற்றுமையின் இடத்தில் இன்னொன்று வந்து கலப்பது. மெய்ம்மயக்கம் என்பது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது, ஆங்கிலத்தில் கான்சனன்ட் கிளஸ்டர். மயக்கு என்பதில் உள்ள ‘க்க’ ஒரே மெய் இரட்டிக்கும் உடனிலை மெய்ம்மயக்கம், மயங்கு என்பதில் உள்ள ‘ங்க’ வெவ்வேறு மெய்கள் சேரும் வேற்றுநிலை மெய்ம்மயக்கம். சொல்லே தனக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது, பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தி மயங்கும் நேரம் என்பதும் ஒளியும் இருளும் கலக்கும் வேளைதான். அந்தியை மூர்ச்சையாக்கிவிடக் கூடாது.

‘காமம் வெகுளி மயக்கம்’ என்ற 360ஆம் குறளில் மயக்கம் அறியாமை. மெய்யுணர்தல் அதிகாரம் என்பதால் டெல்யூஷன் அங்கே சரி. புறநானூறு 188இல் வரும் ‘மயக்குறு மக்கள்’ பெற்றோரின் அறிவை இன்பத்தில் மயக்கும் குழந்தைகள். அங்கே இன்டாக்ஸிகேஷன் போட்டால் குழந்தைகளுக்கே போதை ஏறிவிடும். இலக்கியப் பொருளுக்கெல்லாம் நூற்பெயரும் எண்ணும் சேர்த்துத் தாருங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலம்–தமிழ்ப் பகுதியில் டிரௌசினஸ் என்பதற்கு முதல் பொருளாக மயக்கம் என்று போடாதீர்கள். சளி, ஒவ்வாமை மாத்திரை அட்டையில் ‘மயக்கம் ஏற்படலாம்’ என்று வந்தால் படிப்பவர் விழுந்துவிடுவோமோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடலாம். ‘தூக்கக் கலக்கம் வரலாம்’ என்று இருந்தால் வண்டி ஓட்டாமல் இருப்பார். எச்சரிக்கையின் நோக்கமும் அதுதான். டிஸ்ஸினஸுக்குத் தலைச்சுற்றல் முன்னே வரட்டும், மயக்கம் பின்னே, ‘நினைவு தப்பாத நிலையில்’ என்ற குறிப்போடு.

செயலிகள் வைத்திருப்பவர்கள் முழுப் பதிவையும் மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம். மயக்கம் வா, மயக்கம் போடு, மயக்கம் தெளி, மயக்கம் கொடு ஆகிய நான்கு தொடர்களையும் தேடலில் அகப்படும்படி முதலில் ஏற்றிவிடுங்கள். தேடல் பெட்டியில் பெரும்பாலும் விழுவது “மயக்கம் வருது”, “மயக்கம் வந்துச்சு” போன்ற திரிந்த வடிவங்கள் என்பதால் அவற்றையும் அதே பதிவுக்கு இணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்