படிவம் மூன்று முடிந்ததுமே பிள்ளைகளை வேலையிடத்துக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்ததும் நம் பக்கம் ஒவ்வோர் ஆண்டும் கல்விக் கண்காட்சி நடக்கும், கோயில் மண்டபத்தில் வழிகாட்டி நிகழ்ச்சி நடக்கும், மேடையில் நாலு பேர் பேசுவார்கள், பிள்ளைகள் பை நிறையத் துண்டுப்பிரசுரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிள்ளையின் பாதை அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு போய், படிவம் நான்கில் பாடத் தொகுப்பு என்று வந்துவிட்டது. எந்தத் தொகுப்பை எடுப்பது என்று பிள்ளை சொல்ல வேண்டியது 15 வயதில். தொழிற்கல்விக் கல்லூரிக்குப் போவதானாலும் படிவம் மூன்றிலேயே மனுப் போட வேண்டும். அந்த வயதில் பிள்ளைக்கு எத்தனை வேலையைப் பற்றித் தெரியும்? டாக்டர், வக்கீல், ஆசிரியர், போலீஸ், அப்புறம் அப்பா அம்மா செய்கிற வேலை. தோழி கணக்கியல் எடுத்தாள், நானும் எடுத்தேன் என்று சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம், அதற்கு அவர்களைத் திட்டி என்ன பயன்?

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். டிப்ளோமா மாணவர்கள் பயிற்சிக்கு எங்களிடம் வருவார்கள். இருபது வயதில்தான் பலர் முதல்முறையாகத் தொழிற்சாலைக்குள் காலடி வைக்கிறார்கள். முதல் வாரத்திலேயே முகம் வாடிப்போய், "அண்ணே, இது எனக்கு ஒத்து வராதுபோல இருக்கு" என்று சொல்பவர்களையும் பார்க்கிறேன். அதற்குள் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் ஏறியிருக்கும், போன வருஷங்கள் போனதுதான். இண்டெல் 1972இல் பினாங்குக்கு வந்தது. அரை நூற்றாண்டாக நம் பெண்கள் விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறி அந்த வட்டாரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு உள்ளே டெக்னீசியன் என்ன செய்கிறார், தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர் என்ன பார்க்கிறார், ஒரு இயந்திரம் நின்றால் யார் ஓடிவருகிறார்கள் என்று எதுவும் தெரியாது. பள்ளியிலிருந்து அரைநாள் சுற்றிப்பார்க்க வருகிறார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள், குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதில் ஒன்றும் நிற்காது.

நான் கேட்பது சின்ன விஷயம். படிவம் மூன்றின் ஆண்டிறுதியில், பாடத் தொகுப்பு எடுப்பதற்கு முன், பிள்ளைக்கு இரண்டு வாரம் ஒரு வேலையிடத்தில் இருக்க வாய்ப்புக் கொடுங்கள். படிவம் மூன்றில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது, அந்தப் பழைய நெருக்கடி இப்போது இல்லை.

போன ஆண்டு விடுமுறையில் என் அக்காள் மகனைப் பிறை வட்டாரத்தில் தெரிந்தவரின் லேத் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். இயந்திரத்தைத் தொட விடவில்லை, வயது அப்படி. கடைந்து முடித்த தண்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுவதுதான் அவன் வேலை. அந்தக் கருவியின் உருளையைத் திருப்பினால் ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், உருளையைச் சுற்றி 50 கோடு, அப்படியானால் ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர். பள்ளியில் தசமக் கணக்கு என்றாலே தலையைக் குனிகிற பையன், அங்கே எண்ணெய்க் கறை படிந்த கையோடு, "மாமா, இது 24.97, இவங்க கேட்டது 24.98லேர்ந்து, இது தள்ளுபடி" என்று எனக்கே காட்டினான். இந்த ஆண்டு தொழில்நுட்ப வரைகலை இருக்கிற தொகுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பெண் வேறு மாதிரி. மருந்தாளராகத்தான் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு கிளினிக்கில் பத்து நாள் இருந்துவிட்டு, நாள் முழுக்க நோயாளிகளோடு நிற்பது தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு வருத்தம்தான். எனக்கென்னவோ அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான் என்று படுகிறது, இதை அவள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது தெரிந்தவர்கள் இருந்ததால். அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆள் பழக்கம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மாமா பட்டறை, சித்தப்பா ஆபீஸ் என்று ஏதாவது ஒரு கதவு திறக்கும். பிளாட்டில் தனியாக வளர்க்கும் ஒரு தாய் யாரைப் போய்க் கேட்பார்? பள்ளி மூலமாக நடந்தால்தான் அந்தப் பிள்ளைக்கும் கிடைக்கும்.

அடிபட்டால் யார் பொறுப்பு என்று பள்ளிகள் பயப்படுவது நியாயம்தான். அதற்காகத்தான் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்: காப்புறுதி, பெற்றோர் கையெழுத்து, எந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்ற பட்டியல், பிள்ளைக்குப் பொறுப்பாக ஒரு பெரியவரின் பெயர். சிறுவர்களையும் இளையோரையும் வேலைக்கு வைப்பதற்கு 1966 முதலே தனிச்சட்டம் இருக்கிறது. இலவசக் கூலியாக நினைத்து நாள் முழுக்கப் பெட்டி தூக்க வைக்கும் முதலாளிக்கு அடுத்த ஆண்டு பிள்ளை அனுப்பவே கூடாது.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழ் என்றால் படிக்காத பிள்ளைக்கு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அந்தப் படிநிலை ஐந்து வரை போகிறது, நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. வேலையிடத்திலேயே பெரும்பகுதி கற்றுக்கொள்ளும் எஸ்.எல்.டி.என். வழியும் இருக்கிறது. இதெல்லாம் எஸ்.பி.எம். தவறிய பிறகு காதில் விழுந்தால், தண்டனை மாதிரித்தான் தெரியும்.

பினாங்கில் பி.எஸ்.டி.சி. பயிற்சி மையம் 1989இல் அரசாங்கமும் கம்பெனிகளும் கல்வித்துறையும் சேர்ந்து உட்கார்ந்ததால் வந்தது. இதற்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. லிட்டில் இந்தியாவில் கணக்காளர் அலுவலகம், அச்சகம், நகைப்பட்டறை, கிளினிக் எல்லாம் நம்மவர்கள் நடத்துகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிள்ளை, இரண்டு வாரம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று பட்டியல் போட்டாலே ஆரம்பித்துவிடலாம், என் பிரிவில் ஒரு பிள்ளையை நான் பார்த்துக்கொள்ள எங்கள் மேலாளரிடம் பேசிவிட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் அலுவலகத்திலும் பிழை திருத்துகிற, பக்கம் வடிவமைக்கிற மேசைகள் இருக்கும். அடுத்த ஆண்டிறுதி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வீர்களா? சரி என்றால் பத்திரிகையிலேயே அறிவியுங்கள், எங்கள் வட்டாரப் பள்ளி ஆலோசக ஆசிரியர்களிடம் அந்தப் பக்கத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு